நைட் டியூட்டி சிஸ்டரை நம்பித் தூங்கப் போவது எப்படி

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்காக வைத்த டிரக்கியாஸ்டமி ட்யூப், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப், ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்டக் காலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்று ஐ.சி.யூ.விலிருந்து வீட்டுக்கு வரும் குழந்தைக்கு ஹோம் நர்ஸ் வைக்கும் வீடுகளில் இரண்டு விதமான தவறுகளைப் பார்க்கலாம். ஒன்று, தூக்கமில்லாத களைப்பில் வந்த முதல் நாளே எல்லாவற்றையும் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவது. மற்றொன்று, மூன்று மாதம் கழித்தும் சிஸ்டர் சளி உறிஞ்சும் கதீட்டரைத் தொட்டாலே அம்மா ஓடி வந்து வாங்கிக்கொள்வது. முதலாவதில் குழந்தைக்கு ஆபத்து. இரண்டாவதில் சம்பளமும் போகிறது, தூக்கமும் போகிறது. சிஸ்டரும் கொஞ்ச நாளில் "எப்படியும் அம்மாவே பண்ணிடுவாங்க" என்று கையைக் கட்டிக்கொள்வார்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஆளை மொத்தமாக நம்புவதா வேண்டாமா என்று யோசிக்காமல், வேலை வேலையாகப் பிரித்து நம்புவது. சளி எடுப்பதில் இவரை நம்பலாம், மருந்து அளப்பதில் இன்னும் பார்க்க வேண்டும், ட்யூப் மாற்றுவதில் இப்போதைக்கு இல்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதில் இருக்கலாம், இருக்க வேண்டும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது

ஏஜென்சிகள் "நர்ஸ்" என்று சொல்லி அனுப்பும் எல்லோரும் நர்ஸ் இல்லை. ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ) மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) இரண்டு வருடம். இவை எதுவும் இல்லாமல் சில மாதப் பயிற்சியோடு வரும் கேர்டேக்கர்களும் உண்டு. அவர்களில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரை அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றிதழையும் ஆதாரையும் ஒன்றாக வைத்துப் பெயர், போட்டோ சரிபாருங்கள்.

"டிராக் (டிரக்கியாஸ்டமி) அனுபவம் உண்டா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "உண்டு"தான். அந்த அனுபவம் பெரும்பாலும் பக்கவாதம் வந்த பெரியவர்களுடையது. பெரியவர்களின் ட்யூபுக்குள் கழற்றிக் கழுவும் உள்குழாய் இருக்கும். சிறு குழந்தைகளின் ட்யூப் பெரும்பாலும் ஒற்றைக் குழாய். அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவ எதுவும் கிடையாது, முழு ட்யூபையும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "4.0 ட்யூபுக்கு எந்த அளவு கதீட்டர் போடுவீங்க சிஸ்டர்?" ட்யூபின் உள்விட்டத்தை (மி.மீ.) இரண்டால் பெருக்கினால் கதீட்டரின் தடிமனைச் சொல்லும் பிரெஞ்சு அளவு, 4.0க்கு 8. "கதீட்டர் உள்ளே போகலைன்னா என்ன செய்வீங்க?" இதற்கு "சலைன் விட்டுப் பார்ப்பேன், டாக்டருக்குப் போன் பண்ணுவேன்" என்பதோடு பதில் நின்றுவிட்டால், பயிற்சி தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். "இது எனக்குத் தெரியாது, காட்டிக் கொடுங்க" என்று சொல்பவரைத் தயங்காமல் எடுக்கலாம். எல்லாம் தெரியும் என்பவரைவிட அவர் பாதுகாப்பானவர்.

சுவரில் ஒரு தாள்

சிஸ்டர் வருவதற்கு முந்தைய நாள், டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து ஒரே ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். பத்துப் பக்க ஃபைலை அவசரத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள். தாளில் இருக்க வேண்டியவை:

– குழந்தையின் எடை, எடை பார்த்த தேதி.
– ட்யூபின் கம்பெனி, அளவு, கடைசியாக மாற்றிய தேதி.
– கதீட்டர் அளவு, எத்தனை செ.மீ. ஆழம், சளி இழுக்கும் சக்‌ஷன் அழுத்தம்.
– சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்), இதயத் துடிப்பு அலாரம் எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது.
– ட்யூப் வெளியே வந்துவிட்டால் வாய், மூக்கு வழியாக மூச்சு விட முடியுமா, முடியாதா.
– வலிப்பு வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனையாவது நிமிடத்தில்.
– வீட்டு முகவரி, தெருமுனை அடையாளம், மாடி, லிஃப்ட்.

கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிஸ்டர் தென்காசியிலிருந்தோ இடுக்கியிலிருந்தோ வந்திருப்பார். 108க்குப் போன் போட்டுவிட்டு "எந்தத் தெரு?" என்றதும் திகைத்து நிற்பார். ஐந்தாவது வரியை டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக எழுதக் கூடாது. தொண்டைக்கு மேலே மூச்சுப் பாதை அடைத்திருக்கும் குழந்தைக்கு மூக்கு வாய் மேல் மாஸ்க் வைத்து ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) அமுக்கினால் காற்று நுரையீரலுக்குப் போகாது. கழுத்துத் துளை வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

சளி எடுப்பதைக் கூர்ந்து பாருங்கள்

ஒரு நாளில் அதிக முறை நடப்பது இது. சிஸ்டரின் கை எப்படிப்பட்டது என்பதும் இதில்தான் தெரியும். ஆழத்தை ஊகத்தில் விடாதீர்கள். அதே அளவு ஸ்பேர் ட்யூபுக்குள் கதீட்டரை விட்டு, நுனி மறுமுனையில் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, வெளியே உள்ள இடத்தைக் குறித்து ஸ்கேலில் அளந்தால் அதுதான் ஆழம். அதிகபட்சம் அரை செ.மீ. கூடலாம். "தடுக்கும் வரை விட்டு எடுப்பது" பழைய பழக்கம். ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் சுவரில் குத்திப் புண்ணாகும், சளியில் ரத்தம் வரும், ஆறும்போது சதை வளரும். சிஸ்டர் எடுத்த சளியில் இளஞ்சிவப்புக் கோடு தொடர்ந்து தெரிந்தால் முதலில் ஆழத்தைக் கேளுங்கள்.

அழுத்தம் குழந்தைகளுக்கு 80 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை. குழாயின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டுதான் மீட்டரைப் படிக்க வேண்டும்; திறந்திருக்கும்போது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. உள்ளே விட்டு வெளியே எடுப்பது மொத்தம் 5 விநாடி, மிஞ்சிப் போனால் 10. சலைனை ஒவ்வொரு முறையும் ஊற்றத் தேவையில்லை. உள்ளே போகும்போதே இழுவை இருக்கலாமா, வெளியே வரும்போது மட்டுமா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை பழக்கம் வேறுபடும். சிஸ்டர் கற்ற இடத்தில் ஒன்று, உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடத்தில் வேறொன்று இருக்கும். முதல் சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். யார் சொல்வது சரி என்று வாதாட வேண்டாம். குழந்தையைப் பார்க்கும் மருத்துவமனை எதைச் சொன்னதோ அதை இந்த வீட்டில் எல்லோரும் செய்வது என்று தாளில் எழுதிவிடுங்கள். ஒரு கதீட்டரை எத்தனை முறை பயன்படுத்தலாம், எப்படிக் கழுவுவது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் ஓடுகிறது, இழுக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை ஜாடியின் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது ரப்பர் வளையம் கழுவும்போது விழுந்துவிட்டது, அல்லது ஃபில்டர் நனைந்துவிட்டது. இதைச் சிஸ்டர் முதல் நாளே தானாகக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். கரன்ட் இல்லாதபோது கால் சக்‌ஷனையும் ஒரு முறையாவது மிதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பழக்கும் வரிசை இப்படி: நீங்கள் செய்யச் சிஸ்டர் பார்ப்பது, சிஸ்டர் செய்ய நீங்கள் பக்கத்தில் நிற்பது, சிஸ்டர் செய்ய நீங்கள் அதே அறையில் துணி மடிப்பது, பிறகு நீங்கள் சமையலறையில். சளி எடுப்பதற்குக் குறைந்தது ஐந்து முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த ஐந்தில் குழந்தை அழுது துள்ளும்போது ஒன்று, சளி கெட்டியாக இருக்கும்போது ஒன்று இருக்கட்டும். தூங்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் அழகாகச் செய்துவிடலாம். பக்கத்தில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது பெற்றோருக்கான பயிற்சி. ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள், மற்றதை முடிந்த பிறகு சொல்லுங்கள்.

கழுத்துப் பட்டை மாற்றுவது எப்போதும் இரண்டு பேர் வேலை. ஒருவர் ட்யூபைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிஸ்டர் எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் இதைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். இறுக்கம் ஒரு விரல் நுழையும் அளவு. குழந்தையை உட்கார வைத்துத் தலையை முன்னால் குனிய வைத்துப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது சரியாகத் தெரியும் பட்டை, உட்காரும்போது தளர்ந்திருக்கும்.

மருந்து: மி.லி.யா, மி.கி.யா

நல்ல சிஸ்டர்களும் சறுக்கும் இடம். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மி.கி. எழுதியிருக்கிறார். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.5 மி.லி. "பாராசிட்டமால் 6 மி.லி." என்று மட்டும் எழுதி வைத்திருந்து, கடையில் டிராப்ஸ் பாட்டில் வந்துவிட்டால் குழந்தைக்கு 600 மி.கி. போய்விடும், நான்கு மடங்கு. எனவே பட்டியலில் மூன்றும் இருக்க வேண்டும்: எத்தனை மி.கி., பாட்டிலில் என்ன வீரியம், அப்படியானால் எத்தனை மி.லி. புதுப் பாட்டில் வாங்கிய அன்று வீரியத்தை இருவரும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். ஸ்பூன் வேண்டாம், மூடி வேண்டாம், சிரிஞ்ச் மட்டும்.

வாய்க்கும் ரைல்ஸ் ட்யூபுக்கும் உள்ள மருந்துகளுக்கு ஊசி மாட்ட முடியாத ஓரல் சிரிஞ்சையே வாங்குங்கள். முதல் பத்து நாள் சிஸ்டர் இழுத்த அளவை உங்களிடம் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும். அதன் பிறகு வலிப்பு மருந்து, இதய மருந்து இரண்டுக்கு மட்டும் அந்த வழக்கத்தைத் தொடரலாம். மருந்து கொடுத்து எத்தனை நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் இரவு ஒரு மணிக்கு சிஸ்டர் அவராக ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும்.

ஃபீட் கொடுக்கும் முன் ரைல்ஸ் ட்யூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். அதை நம்ப முடியாது. மூக்கருகே போட்ட குறி நகரவில்லையா என்று பார்த்து, சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஃபீட். அமிலத்தைக் குறைக்கும் மருந்து வாங்கும் குழந்தைக்கு எண் கூடுதலாக வரலாம், அதற்கு என்ன செய்வது என்று முன்பே கேட்டு வையுங்கள். தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும், ஃபீட் முடிந்தும் அரை மணி நேரம் அப்படியே.

ட்யூப் அடைத்துக்கொண்டால்: பொம்மையில் ஒத்திகை

இதைச் செய்யாமல் சிஸ்டரோடு குழந்தையைத் தனியே விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கழுத்தில் ஓட்டை போட்டு, பழைய ட்யூபை மாட்டி, பட்டை கட்டுங்கள். "சாச்சுரேஷன் 80, உதடு நீலம்" என்று சொல்லி ஆரம்பிக்கலாம். சிஸ்டர் முதலில் மானிட்டரைப் பார்க்கிறாரா, குழந்தையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். வரிசை: சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது, ட்யூபின் வாயில் மாட்டியிருக்கும் ஃபில்டரைக் கழற்றுவது, ட்யூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, சக்‌ஷன். கதீட்டர் போகவில்லை, அல்லது போயும் நிறம் திரும்பவில்லை என்றால் உடனே பட்டையை வெட்டி ட்யூபை மாற்றுவது. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பது இல்லை, டாக்டரின் அனுமதிக்காகக் காத்திருப்பதும் இல்லை. அதே அளவு போகவில்லையா, ஓர் அளவு சிறியது. அதுவும் போகவில்லையா, தாளின் ஐந்தாவது வரிப்படி ஆம்பு பேக். 108ஐ இரண்டாவது ஆள் கூப்பிடுகிறார். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கை வேலையைத் தொடர வேண்டும்.

தோளுக்கடியில் சுருட்டி வைக்கும் துண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், பட்டை கட்டித் தயாராக உள்ள ஸ்பேர் ட்யூப், ஓர் அளவு சிறிய ட்யூப், ஜெல்லி, ஆம்பு பேக், கதீட்டர்கள். இவை உள்ள பை குழந்தையோடு பால்கனிக்குப் போனாலும் கூடவே போக வேண்டும். டியூட்டி மாறும்போது பையைத் திறந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம் ஆகட்டும். பெரும்பாலான வீடுகளில் காணாமல் போவது கத்தரிக்கோல்தான். யாராவது பால் பாக்கெட் வெட்ட எடுத்துப் போயிருப்பார்கள்.

ஆக்ஸிஜன் கணக்கும் சிஸ்டருக்குத் தெரிய வேண்டும். நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரம். மீட்டர் பாதியில் நின்றால் அதில் பாதி. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கான்சென்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் மெஷின்) தாங்கும் என்று இன்வெர்ட்டரை நம்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இரவு

நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்கிறது. குடும்பத்தில் குறைந்தது இருவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை நம் ஊர் "24 மணி நேர டியூட்டி"யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பகல் முழுக்க வேலை செய்த ஒரே சிஸ்டர் இரவிலும் விழித்திருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், பழியும் அவர் மேல் விழும். கட்டுப்படியாகிற இரவுகளுக்கு 12 மணி நேர ஷிப்ட் தனியாக எடுங்கள். முடியாத இரவுகளில் குடும்பத்தில் யார் எத்தனை மணிக்கு விழித்திருப்பது என்று முறை போடுங்கள்.

அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை யாருக்கும் கண் சொருகும். அந்த நேரத்துக்கு வேலையை ஒதுக்கி வையுங்கள்: 3 மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது, சென்சாரை வேறு காலுக்கு மாற்றுவது (நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும்), 4 மணிக்கு ஃபீட். சிஸ்டருக்குச் சாய்ந்து உட்காரும் கட்டில் வேண்டாம், நல்ல நாற்காலி போதும், ஃப்ளாஸ்கில் டீ. உங்கள் அறையில் ரிமோட் காலிங் பெல்லின் மணியையும் சிஸ்டரிடம் பட்டனையும் வையுங்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது முழங்கையால் அழுத்தும் உயரத்தில் பட்டனை ஒட்டுங்கள். ஒரு முறை அடித்தால் "வாங்க, கேட்கணும்". விடாமல் அடித்தால் ஓடி வருவது. முதல் வாரம் சிஸ்டர் வேண்டுமென்றே ஓர் இரவு ஒரு முறை அடிக்கட்டும். நீங்கள் எழுகிறீர்களா என்பதையும் யாராவது சோதிக்க வேண்டுமே.

நோட்டும் கேமராவும்

சிஸ்டரின் நோட்டில் மணிக்கு மணி 98, 98, 98 என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால், காலையில் மொத்தமாக எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். உயிருள்ள குழந்தையின் எண்கள் அவ்வளவு ஒழுங்காக வராது. 96, 99, "இருமல், சக்‌ஷன், 91க்கு இறங்கி ஏறியது" என்று கிறுக்கலாக இருக்கும் நோட்டுதான் நல்ல நோட்டு. ஐயம் இருந்தால் ஆளைக் கேட்கும் முன் பொருளைப் பாருங்கள். ஆக்ஸிமீட்டரின் நினைவகம், மீந்த பால், செலவான கதீட்டர், சிலிண்டர் மீட்டர் எல்லாமே கணக்குச் சொல்லும்.

கேமரா வைப்பதில் தவறில்லை, சொல்லாமல் வைப்பது தவறு. எங்கே இருக்கிறது, சத்தம் பதிவாகுமா, யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே சொல்லுங்கள். சிஸ்டர் உடை மாற்றும் இடம் அதில் விழக் கூடாது.

ஒரு நாள் சிஸ்டர் வந்து, "அம்மா, மத்தியான மருந்து முக்கால் மணி நேரம் லேட்டாயிடுச்சு" என்பார். அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான், அடுத்த முறை உங்களுக்குச் செய்தி வருமா வராதா என்பது. "சொன்னது நல்லதாப் போச்சு சிஸ்டர், பாப்பா இப்ப எப்படி இருக்கா?" என்று தொடங்கி, டாக்டரைக் கேட்டு, ஏன் தாமதமானது என்று பிறகு பேசுங்கள். கத்தினால் மறைக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் ஆவீர்கள்.

ஆனால் சிலவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. அலாரத்தை அணைத்து வைப்பது, தூங்கிவிட்டு இல்லை என்று சாதிப்பது, செய்யாததைச் செய்ததாக எழுதுவது, குழந்தை தூங்கட்டும் என்று கேட்காமல் சளி மருந்தோ வேறு மயக்கம் தரும் மருந்தோ கொடுப்பது. அன்றே ஏஜென்சிக்குப் போன் போடுங்கள்.

வீட்டார் பக்கம்

சிஸ்டரை நம்ப முடியாமல் செய்வது பல வீடுகளில் வீட்டாரேதான். பாட்டி குளிப்பாட்டியதும் பவுடர் போடுவார், சாம்பிராணி காட்டுவார். டிராக் குழந்தைக்கு மூக்கு என்ற வடிகட்டி இல்லை; பவுடரும் புகையும் ஊதுபத்தியும் கொசுவத்தியும் நேரே நுரையீரலுக்குப் போகும். சிஸ்டர் "வேண்டாம் பாட்டி" என்றால் "நேத்து வந்தவ எனக்குச் சொல்றாளா" என்று பேச்சு வரும். அந்த இடத்தில் அப்பாவோ அம்மாவோ சிஸ்டர் பக்கம் நிற்க வேண்டும், அதுவும் அவர் முன்னாலேயே. இல்லையென்றால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

பாத்திரம் கழுவுவது, பெரிய குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் சிஸ்டர் வேலை கிடையாது. அவர் சாப்பிடவும் கழிவறை போகவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேரம் குறித்து ஓர் ஆள் வேண்டும். ஏஜென்சிக்குக் கட்டும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் தாமதமாகும் சிஸ்டர் சொல்லாமல் நின்றுவிடுவார், பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்.

ரிலீவர் வரும் நாள்

பழகிய சிஸ்டர் லீவில் போகும்போது வரும் மாற்று ஆள்தான் உண்மையான சிக்கல். முதல் சிஸ்டரிடம் வந்த நம்பிக்கை அவருக்குத் தானாக மாறாது. ஆனால் தாள், பை, பொம்மை எல்லாம் தயாராக இருப்பதால் மறுபடி முதலிலிருந்து அத்தனை நாள் தேவைப்படாது. முடிந்தால் ஒரு ஷிப்ட் பழைய சிஸ்டரும் அவரும் சேர்ந்து இருக்க ஏஜென்சியிடம் கேட்டு, அந்தக் கூடுதல் நாளுக்குப் பணம் கட்டுங்கள். முடியாவிட்டால் அன்று ரிலீவருக்கு மூன்றே வேலை கொடுங்கள்: பார்த்துக்கொண்டிருப்பது, நீங்கள் ஒரு முறை பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட பிறகு சளி எடுப்பது, ஐயம் வந்தால் மணி அடிப்பது. மருந்தும் ஃபீடும் உங்கள் கையில். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் பாதிதான் கிடைக்கும். மறுநாள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே லீவு சொல்லி வையுங்கள்.